பதினாறுக்கு ஆறரை: முற்றவெளியில் ஓர் எல்.ஈ.டி சுவர், ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

பொங்கல் முடிந்த கையோடு யாழ்ப்பாணத்தில் கண்காட்சிக் காலம் தொடங்கிவிடும். முற்றவெளியில், கோட்டைக்கு எதிரே, கொட்டகைகள் எழும்பும், கொழும்பிலிருந்து லொறிகள் வந்து இறங்கும், மூன்று நாளைக்கு ஊர்ச்சனம் முழுக்க அங்கேதான் நிற்கும். சில வருடங்களுக்கு முன் அப்படி ஒரு வர்த்தகக் கண்காட்சிக்காக, பனம்பொருள் செய்து விற்கும் ஒரு சிறு நிறுவனத்துக்கு நாங்கள் அசைவூட்டக் காட்சி தயாரித்துக் கொடுத்தோம். பெரிய எல்.ஈ.டி சுவரில், அதாவது சிறு சிறு விளக்குப் புள்ளிகளால் ஆன பெட்டிகளை அடுக்கிக் கட்டுகிற திரையில், ஓடுவதற்கான காட்சி. அதில் என்ன நடந்தது, எதை எப்போது மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்று எழுதி வைத்தால் இதே வேலைக்கு இறங்குகிற வேறு யாருக்காவது உதவும் என்று தோன்றியது. யாருடைய பெயரும் போடவில்லை. பிழைகளில் பெரும்பங்கு எங்களுடையதுதான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நாங்கள் மூன்று பேர். வாடிக்கையாளரோடு பேசுவதும் திட்டம் போடுவதும் நான். டிசைன் செய்கிற தங்கச்சி ஓர் அச்சகத்தில் பல வருடம் இருந்தவ. எடிட்டிங் செய்கிற தம்பி கலியாண வீடியோக்காரர். அவரவர் வேலையில் மூவரும் கெட்டிதான், ஆனால் எல்.ஈ.டி சுவருக்கென்று ஒருவரும் அதுவரை எதுவும் செய்ததில்லை. கோயில் திருவிழாவிலும் கலியாண மண்டபத்திலும் அந்தச் சுவர்களைப் பார்த்திருக்கிறோம். பார்த்ததை வைத்தே தெரியும் என்று நினைத்துக்கொண்டோம்.

வாடிக்கையாளர் பக்கம் இரண்டு பேர். உரிமையாளர் ஐயா, அறுபது தாண்டியவர், பனங்கட்டி காய்ச்சுகிற குடும்பத்திலிருந்து வந்தவர். அவருடைய மகள் விளம்பரத்தையும் முகநூல் பக்கத்தையும் பார்த்துக்கொள்கிறவ. பனங்கட்டி (கருப்பட்டி), பனாட்டு (பனம்பழக் களியைக் காயவைத்தது), ஒடியல் மா (காய்ந்த பனங்கிழங்கின் மா), இவைதான் அவர்களின் பொருட்கள். கண்காட்சிக்கு மூன்று கிழமை இருக்கும்போது வேலை எங்களிடம் வந்தது.

கேட்டதும் செய்ததும்

ஐயா கேட்டது எளிது: தொழிற்சாலையையும் பொருட்களையும் காட்ட வேண்டும், தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் எழுத்து வர வேண்டும், பின்னணி வெள்ளையாக இருக்க வேண்டும். அவர்களுடைய லேபிள் வெள்ளை, நடுவில் வட்டத்துக்குள் ஒரு பச்சைப் பனைமரம். வெள்ளை என்றால் சுத்தம் என்பது அவருடைய வாதம். எனக்கும் அது நியாயமாகப் பட்டது.

திரையை வாடகைக்குக் கொடுப்பவர்களுக்குத் தொலைபேசி எடுத்து அளவு கேட்டேன். “பதினாறுக்கு ஆறரை அண்ணை” என்று பதில் வந்தது. அடிக் கணக்கு. நான் அதைத் திரும்பிச் சொன்னபோது எடிட்டர் தம்பியின் காதில் பதினாறு மட்டும்தான் விழுந்தது, அவருக்கு அது பதினாறுக்கு ஒன்பதாகவே கேட்டிருக்கிறது, வழக்கமான வீடியோவின் அகலத்துக்கும் உயரத்துக்கும் உள்ள விகிதம் அது, வீடியோக்காரருக்குப் பதினாறு என்றால் அடுத்து ஒன்பதுதானே. நானும் உட்கார்ந்து வகுத்துப் பார்க்கவில்லை. பதினாறை ஆறரையால் வகுத்தால் ஏறக்குறைய இரண்டரை வரும், பதினாறுக்கு ஒன்பது என்பது 1.78. ஒரு நிமிடக் கணக்கு. அதைச் செய்யாமல் மூன்று கிழமை வேலை செய்தோம்.

பவர்பொயின்ற்றில் 12 ஸ்லைட் கட்டி, எழுத்துகள் சுழன்று வந்து விழுகிற மாதிரி அசைவு கொடுத்து, இடையிடையே வீடியோத் துண்டுகள் சேர்த்து, எல்லாவற்றையும் 1920க்கு 1080 பிக்சலில் ஏழு நிமிட வீடியோவாக எடுத்தோம். கீழே மூன்று மொழியிலும் ஓர் ஓடும் வரி. கலியாண வீடியோ பழக்கத்தில் செக்கனுக்கு 25 பிரேம். அலுவலக மொனிற்றரில் பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஐயாவும் வந்து பார்த்து, தலையாட்டி, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனார்.

வியாழன் மாலை: சுவர் எழும்பியபோது

கண்காட்சி வெள்ளிக்கிழமை தொடக்கம். வியாழன் பின்னேரம் திரை பொருத்தி முடிந்தது. அரை மீற்றர் சதுரப் பெட்டிகள், அகலத்தில் பத்து, உயரத்தில் நான்கு. புள்ளிகளுக்கிடையே 3.91 மில்லிமீற்றர், அதாவது ஒரு பெட்டிக்குள் 128க்கு 128 பிக்சல். பெருக்கிப் பார்த்தால் முழுச்சுவரும் 1280க்கு 512. ஐந்து மீற்றர் அகலச் சுவர், ஆனால் என் கைத்தொலைபேசியில் இருக்கிற பிக்சல் அதில் இல்லை. இதை முதன்முதலாக அங்கே நின்றுதான் உணர்ந்தேன். வாடகைக்காரத் தம்பி இன்னொன்றும் காட்டினார்: ஒரு நெற்வேர்க் கேபிளில் சுமார் ஆறரை இலட்சம் பிக்சல்தான் போகும், இந்தச் சுவர் 6,55,360, கொஞ்சம் கூடிவிட்டதால் அவருக்கு இரண்டு கேபிள் இழுக்க வேண்டி வந்தது. அவர் தன் கணக்கைச் சரியாக வைத்திருந்தார். எங்களிடம்தான் கணக்கே இல்லை.

வீடியோவைப் போட்டோம். கணினியிலிருந்து வரும் படத்தைச் சுவருக்கு அனுப்புகிற புரொசஸர் தன் இயல்புக்குப் படத்தை இழுத்துச் சுவர் முழுக்க நிரப்பியது. அகலம் மூன்றில் இரண்டாகச் சுருங்கியது, உயரமோ பாதிக்கும் கீழே. வட்டத்துக்குள் இருந்த பனைமரம் கோழிமுட்டையைப் படுக்க வைத்தது மாதிரி நசுங்கிக் கிடந்தது. ஐயா பக்கத்தில்தான் நின்றார்.

அவர் முதலில் கேட்டது வட்டத்தைப் பற்றியல்ல, எழுத்தைப் பற்றி. “தம்பி, உதில குற்று ஒண்டையும் காணேல்லையே?” குற்று என்றால் மெய்யெழுத்துப் புள்ளி. கிட்டப்போய்ப் பார்த்தேன். 36 பிக்சலில் நாங்கள் அமைத்த எழுத்து சுவரில் 17 பிக்சலாகியிருந்தது. இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது: எழுத்து சிறியது அல்ல, அளந்தால் ஆறரை சென்ரிமீற்றர் உயரம், தூரத்தில் நின்று வாசிக்கக்கூடிய அளவுதான். ஆனால் அந்த ஆறரை சென்ரிமீற்றரை வரைவதற்கு மேலிருந்து கீழே 17 விளக்குத்தான் இருந்தது. மேலே இகர விசிறி, கீழே உகரக் கொக்கி, தலைக்கு மேல் புள்ளி எல்லாம் அந்தப் பதினேழுக்குள் அடங்க வேண்டும். ஆங்கில எழுத்து எப்படியோ தப்பிவிட்டது. தமிழில் மெய்யெழுத்துப் புள்ளிக்கு ஒரு விளக்குக்கூட மிஞ்சவில்லை, மிஞ்சிய இடத்தில் வெள்ளைப் பின்னணி அதை விழுங்கிவிட்டது. பனங்கட்டி, ‘பனஙகடடி’ என்று தெரிந்தது. டகரத்துக்குமேல் இருப்பது இகரமா ஈகாரமா என்று ஊகிக்கத்தான் முடிந்தது. சிங்கள எழுத்தின் சுழிகளுக்கும் இதே கதி.

அன்றிரவு எடுத்த முடிவு

மூன்று வழி இருந்தது. ஒன்று, படத்தை நசுக்காமல் உயரத்துக்குப் பொருத்துவது. அப்போது படம் 910க்கு 512 ஆகி, இரண்டு பக்கமும் 185 பிக்சல், கிட்டத்தட்ட எழுபது சென்ரிமீற்றர், கறுப்பாக வெறுமையாக இருக்கும். இரண்டு, அகலத்துக்குப் பொருத்தி மேலும் கீழும் வெட்டுவது. வெட்டினால் கீழே ஓடும் வரியும் மேலே தலைப்பும் போய்விடும். மூன்று, எல்லாவற்றையும் 1280க்கு 512இல் திரும்பச் செய்வது.

மூன்றாவதுதான் சரி என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் மணி இரவு எட்டரை, காலையில் திறப்பு, எடிட்டர் தம்பியின் மடிக்கணினியில் ஏழு நிமிட வீடியோவை ஒருதரம் எடுக்கவே நாற்பது நிமிடம் போகும். அவசரத்தில் திரும்பச் செய்தால் புதிதாக வேறு பிழை வரும் என்று நான் பயந்தேன். அதனால் வெள்ளிக்கிழமைக்கு முதல் வழி, வெள்ளி இரவு மூன்றாவது வழி என்று முடிவெடுத்தோம். பக்கத்து வெறுமைக்கு டிசைன் தங்கச்சி ஒரு யோசனை சொன்னா: ஒல்லியான உயர்ந்த இடம், பனைமரத்துக்கென்றே அளவெடுத்த மாதிரி இருக்கிறது, இரண்டு பக்கமும் ஒவ்வொரு பனையை நிறுத்திவிடலாம். அப்படியே செய்தோம். வெள்ளி காலையில் பார்த்தவர்கள் அது திட்டமிட்ட வடிவமைப்பு என்றே நினைத்திருப்பார்கள்.

எழுத்துப் பிரச்சினையை அன்றிரவு தொடவில்லை. நசுங்கல் போனதால் அது 17இலிருந்தும் பெரிதாகக் கூடவில்லை, கணக்குப்படி அதே உயரம்தான், அகலமோ இன்னும் சிறுத்துவிட்டது. ஐயாவிடம் அதை ஒளிக்காமல் சொன்னேன். அவர் ஒன்றும் பேசவில்லை. அந்த மௌனம் எனக்குப் பிடிக்கவில்லை.

வெள்ளி: மின்சாரமும் மீனும்

காலை பத்தரை இருக்கும், திடீரென்று சுவர், விளக்கு, காற்றாடி எல்லாம் ஒருமிக்க நின்றன. பிரேக்கர் விழுந்திருந்தது. அந்த நேரம் கடைக்குள் ஒருவர் தேத்தண்ணிக்கு மின்சாரக் கேத்தல் போட்டிருந்தார், எல்லோரும் கேத்தலைத்தான் திட்டினோம். கேத்தலைக் கழற்றி வைத்தோம். பதினொன்றரைக்கு இன்னொருவர் வேறு பிளக்கில் அதே கேத்தலைப் போட, திரும்பவும் விழுந்தது.

வயரிங் செய்கிற அண்ணை கிளாம்ப் மீற்றரோடு வந்து வயரைக் கவ்விப் பிடித்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் ஐந்து நிமிடம் திரையையும் மீற்றரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். இருட்டான காட்சி ஓடும்போது 7 அம்பியர். வெள்ளை ஸ்லைட் வந்ததும் முள் குதித்தது மாதிரி 27. எல்.ஈ.டி சுவரில் கறுப்பு என்றால் விளக்கு அணைந்திருக்கிறது, வெள்ளை என்றால் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் முழுக்க எரிகிறது. பெட்டியின் பின்னால் ஒட்டியிருந்த தகட்டில் சதுர மீற்றருக்கு உச்சம் 650 வாற்று என்று இருந்தது. பத்துச் சதுர மீற்றருக்கு ஆறரைக் கிலோவாற்று, 230 வோல்ற்றில் 28 அம்பியர். எங்கள் கடைக்குத் தந்த பிரேக்கர் 32. கேத்தல் ஒன்பது அம்பியர் கேட்கும். கேத்தல் இல்லாத நேரத்திலும் விளிம்பில்தான் நின்றிருக்கிறோம். “உங்கட வெள்ளையைக் குறையுங்கோ தம்பி, கேத்தல் பாவம்” என்றார் அண்ணை.

இரண்டாவது தரம் மின்சாரம் திரும்பி வந்தபோது நடந்ததையும் எழுத வேண்டும், ஏனென்றால் அது சிரிப்புக்குரிய விஷயமாக இருந்தாலும் காரணம் தெளிவானது. மடிக்கணினி பற்றரியில் உயிரோடு இருந்தது, புரொசஸர் அணைந்ததால் கணினிக்கு இரண்டாவது திரை காணாமல் போய்விட்டது, திரும்ப வந்தபோது வீடியோ மடிக்கணினியிலும், சுவரில் வெறும் முகப்புப் படமுமாக நின்றது. எடிட்டர் தம்பி அவசரத்தில் இரண்டு திரையிலும் ஒரே படம் வருகிற மாதிரி மாற்றிவிட்டார். வாட்ஸ்அப் திறந்திருந்தது. ஐந்து மீற்றர் சுவரின் வலது மூலையில் அவருடைய அம்மாவின் செய்தி வந்து விழுந்தது: “தம்பி விளைமீன் வாங்கினனான், நேரத்துக்கு வா.”

கூடி நின்ற சனம் சிரித்தது, இரண்டு பேர் படமும் எடுத்தார்கள். அன்று முழுக்க எங்கள் கடையில் அதிகம் பேர் நின்று வாசித்த வரி அதுதான் என்று பிறகு ஐயாவே சொன்னார். எழுத்து பெரிதாக, கறுப்புப் பெட்டிக்குள் வெள்ளையாக, ஒற்றை வரியாக இருந்தது. குற்றெல்லாம் தெரிந்தது. பகிடியாகத்தான் சொன்னார், ஆனால் நான் அதை அப்படியே குறித்து வைத்துக்கொண்டேன்.

பின்னேரம் வேறு பிரச்சினை. முற்றவெளிக்கு மேற்கே கோட்டை. எங்கள் கொட்டகையின் திறந்த பக்கம் மேற்கைப் பார்த்தபடி, சுவரும் அதையே பார்த்தபடி. மூன்றரை மணிக்குமேல் வெயில் சரிந்து நேரே சுவரில் விழுந்தது. வந்திருந்தது உள்ளரங்கத் திரை, அந்த வகையில் வெளிச்சம் சுமார் 1,000 நிற்ஸ்தான் (திரை வெளிச்சத்தை அளக்கிற அலகு), வெளியே வைப்பதற்கான திரைகள் 4,500, 5,000 என்று இருக்கும். எங்களுடைய மென்மையான பச்சையும் மஞ்சளும் அந்த வெயிலில் சாம்பல் நிறமாகிவிட்டன. தறப்பாள் கட்டிப் பார்த்தோம், பண்ணைப் பக்கமிருந்து வந்த காற்று அதைப் பத்து நிமிடத்தில் பிடுங்கிவிட்டது.

எதிர்ப்பக்கம் நின்று பார்த்தது

வெயில் நேரத்தில் செய்ய ஒன்றும் இல்லாததால் நானும் ஐயாவின் மகளும் எதிரே ஐஸ்கிரீம் கடையோரம் நின்று, எங்கள் கடையைக் கடந்து போகிறவர்களைப் பார்த்தோம். இதை முதல்நாளே, இல்லை, மூன்று கிழமைக்கு முன்பே வேறு கண்காட்சியில் போய்ச் செய்திருக்க வேண்டும்.

ஒருவரும் நிற்க வரவில்லை, நடந்துகொண்டு போகிறார்கள். தலை திரும்பும், மூன்று நான்கு செக்கன், திரும்பவும் முன்னால் பார்ப்பார்கள். அந்த நேரம் திரையில் எழுத்து சுழன்று கொண்டிருந்தால் சுழலும் எழுத்தைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள், அது விழுந்து நின்று வாசிக்கக்கூடியதாகும்போது அவர்கள் அடுத்த கடையில். தங்கச்சி நான்கு நாள் மெனக்கெட்டுச் செய்த அசைவுகள் அவை. அரை மணித்தியாலத்தில் ஏழு நிமிடத்தையும் நின்று பார்த்தவர் ஒரேயொருவர், அவரும் கையில் இருந்த பிள்ளை ஐஸ்கிரீம் முடிக்கும்வரை நின்றவர்.

ஆனால் ஓர் இடத்தில் மட்டும் கால்கள் தயங்கின. கொதித்த பாகைக் குட்டானுக்குள், அதாவது சிறு ஓலைப் பெட்டிக்குள், ஊற்றுகிற எட்டு செக்கன். அது கைத்தொலைபேசியில் எடுத்த துண்டு, வேறு நல்ல காட்சி கிடைக்காததால் சேர்த்தது. பாகு நூல் மாதிரி இறங்கி, ஓலைப் பெட்டிக்குள் சுழன்று நிரம்பும். எழுத்தே இல்லை. வயதானவர்கள் நின்றார்கள், பக்கத்தில் இருந்த பேரப்பிள்ளைக்குக் கையால் காட்டினார்கள். ஓர் அம்மா ஐயாவின் மகளிடம் வந்து, “பிள்ளை, முட்டிக்குள்ள சுண்ணாம்பு பூசிறதைக் காட்டேல்லையே, அதில்லாட்டி அது கள்ளல்லோ” என்றா. உண்மைதான். சுண்ணாம்பு பூசிய முட்டியில் இறக்கினால்தான் கருப்பணி, அதாவது புளிக்காத இனிப்புப் பதநீர், பூசாவிட்டால் புளித்துவிடும், பனங்கட்டி காய்ச்ச முடியாது. எங்கள் பன்னிரண்டு ஸ்லைட்டில் தரச்சான்றிதழ் இருந்தது, தொழிற்சாலைக் கட்டடம் இருந்தது, இது இல்லை.

வெள்ளி இரவு: திரும்பச் செய்தது

ஐயாவிடம் இரண்டு விஷயத்துக்குச் சம்மதம் கேட்டேன்: வெள்ளைப் பின்னணி போக வேண்டும், ஏழு நிமிடம் ஒன்றேகால் நிமிடமாக வேண்டும். மீற்றரில் பார்த்த 27ஐச் சொன்னதும் வெள்ளைக்கு உடனே சம்மதித்தார். தொழிற்சாலைக் கட்டடத்தை வெட்டத்தான் மனம் வரவில்லை, கடன் எடுத்துக் கட்டியது. கடைசியில் மகள்தான், “அப்பா, கட்டடம் எல்லாரிட்டையும் இருக்கு” என்றா.

கடும் பச்சைப் பின்னணி, கிட்டத்தட்டக் கறுப்பு. 1280க்கு 512, செக்கனுக்கு 30 பிரேம். ஓடும் வரியை எடுத்துவிட்டோம், அதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, யாரும் வாசிக்கவில்லை. மற்றது, சுவர் செக்கனுக்கு 60 தடவை படம் மாற்றுகிறது, 25 பிரேம் அதற்குள் சமமாகப் பங்கிடப்படாது, சில பிரேம் இரண்டு தடவை நிற்கும், சில மூன்று தடவை நிற்கும், மற்றக் காட்சிகளில் தெரியாத இந்த நடுக்கம் ஓடுகிற எழுத்தில் மட்டும் விக்கல் மாதிரித் தெரிந்தது. 30 என்றால் எல்லாப் பிரேமும் இரண்டு தடவை.

எழுத்து உயரம் 60 பிக்சலுக்குக் குறையக்கூடாது என்று வைத்தோம். அந்த அளவில் ஒரு வரிக்குள் பதினெட்டு இருபது எழுத்துத்தான் கொள்ளும், ஆகவே மூன்று மொழியையும் ஒன்றின்கீழ் ஒன்றாக அடுக்குவதை விட்டு, ஒரு மொழிக்கு ஒரு தரம் என்று மாற்றினோம். எழுத்து வந்து நிற்கட்டும், சுழல வேண்டாம், நின்றபிறகு நான்கு செக்கன் அசையவே வேண்டாம். அசைவு வேண்டிய இடத்தில் பாகு இருக்கிறது.

இரவு பதினொன்றரைக்கு எழுத்துருச் சிக்கல். தங்கச்சியின் கோப்பை எடிட்டர் தம்பியின் கணினியில் திறந்தால் தமிழ் இருந்த இடமெல்லாம் ஆங்கில எழுத்துக் குவியல், புள்ளி வர வேண்டிய இடத்திலெல்லாம் அரைப்புள்ளி. பனங்கட்டிக்கு இரண்டு அரைப்புள்ளி. யுனிக்கோட்டுக்கு முந்திய பாமினி எழுத்துருவில் அடித்தது, அவருடைய கணினியில் பாமினி இல்லை. எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யுனிக்கோட்டுக்குள் தமிழ் 1991இலேயே வந்துவிட்டது, ஆனாலும் இங்கே அச்சகங்களில் பாமினிதான் இன்னும் ஓடுகிறது, கைப்பழக்கம். யுனிக்கோட்டுக்கு மாற்றிப் பார்த்தோம், எடிட்டிங் மென்பொருள் பழைய பதிப்பு, கொம்பு எழுத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நின்றது. கடைசியில் தங்கச்சி ஒவ்வொரு வரியையும் தன் கணினியிலேயே பின்னணி இல்லாத படமாக எடுத்துக் கொடுத்தா. படத்துக்கு எழுத்துரு தேவையில்லையே.

சுண்ணாம்பு பூசுகிற காட்சி பழைய துண்டுகளுக்குள் கிடந்தது, நடுங்குகிற கை, மங்கலான வெளிச்சம், முதலில் வேண்டாம் என்று ஒதுக்கியது. அதை முதல் காட்சியாக வைத்தோம்.

அந்த இரவில் பரிசோதிக்கச் சுவர் இல்லை. அதற்கு ஒரு கணக்குப் போட்டோம்: 22 அங்குல மொனிற்றரில் ஒரு பிக்சல் கால் மில்லிமீற்றர், சுவரில் அதைவிடப் பதினாறு மடங்கு. ஆகவே வீடியோவைப் பெருப்பிக்காமல் உள்ளபடியே திறந்து, மொனிற்றரிலிருந்து அரை மீற்றர் தள்ளி இருந்து பார்த்தால் சுவரை எட்டு மீற்றரில் நின்று பார்ப்பது மாதிரி. ஐஸ்கிரீம் கடை ஏறக்குறைய அந்தத் தூரம். மூன்று கிழமையாக நாங்கள் முழுத்திரைக்குப் பெருப்பித்துத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சனி, ஞாயிறு

சனி காலை வயரிங் அண்ணை திரும்பவும் மீற்றரைக் கவ்வவிட்டார். பின்னணி இருட்டானதால் பகலில் வெளிச்சத்தை எண்பது சதவீதத்துக்குக் கூட்டியும் பதினாறு அம்பியரைத் தாண்டவில்லை. இதைத்தான் நான் எதிர்பார்க்கவில்லை: வெள்ளையை எடுத்ததால் வெயில் நேரத்துக்கு வெளிச்சம் மிச்சமாகக் கிடைத்தது. மூன்றரைக்குமேல் எழுத்து மட்டும் மஞ்சளில் பெரிதாக வருகிற ஒரு குறும்பதிப்பை ஓடவிட்டோம். தெளிவு என்று சொல்ல முடியாது, வாசிக்க முடிந்தது. இருட்டிய பிறகு முப்பது சதவீதம், இல்லாவிட்டால் முன்னால் நிற்பவர்களுக்குக் கண் கூசும். மடிக்கணினியில் வாட்ஸ்அப், அறிவித்தல், இணையம், தூக்கம், எல்லாவற்றையும் நிறுத்திவிட்டுத்தான் தொடங்கினோம்.

சனம் நின்றது. சனி மத்தியானம் ருசி பார்க்க வைத்த பனங்கட்டி முடிந்து வீட்டிலிருந்து இன்னொரு பெட்டி எடுப்பித்தார்கள், ஞாயிறு பின்னேரம் குட்டான் ஒன்றும் மிஞ்சவில்லை. இதை முழுக்கத் திரையின் கணக்கில் எழுத மாட்டேன், சனி ஞாயிறு எப்படியும் வெள்ளியைவிடக் கூட்டம். ஆனால் முட்டிக்குள் சுண்ணாம்பு பூசுகிற கை வந்ததும் ஆட்கள் வேகத்தைக் குறைத்ததை எதிரே நின்று நானே பார்த்தேன், மகளும் பார்த்தா.

சரிவராதவையும் உண்டு. கைத்தொலைபேசியில் படம் எடுத்தால் சுவரின்மேல் கறுப்புக் கோடுகள் ஓடின. படம் மாறுவது 60 தடவைதான் என்றாலும், அந்தப் பெட்டிகள் தங்கள் விளக்குகளைச் செக்கனுக்கு 1920 தடவை புதுப்பிப்பவை, 3840 என்றால் இந்தக் கோடு வெகுவாகக் குறைந்திருக்கும். இடத்தில் வைத்து மாற்றக்கூடியது அல்ல. மகளின் முகநூல் நேரலை முழுக்கக் கோடு, அவவுக்கு அது பெரிய மனவருத்தம். ஞாயிறு காலை வலது கீழ்மூலையில் ஒரு பெட்டி கறுத்துக் கிடந்தது, இரவுப் பனி உள்ளே இறங்கியிருக்கும் என்றார் வாடகைக்காரத் தம்பி. சரியாக அந்த மூலையில்தான் தொலைபேசி இலக்கத்தை வைத்திருந்தோம். மாற்றுப் பெட்டி மத்தியானம் வரும் என்றார், அதுவரை காத்திருக்காமல் இலக்கத்தை நடுவுக்கு நகர்த்தித் திரும்ப எடுத்தோம். வீடியோ சிறிதானதால் ஆறு நிமிடத்தில் வேலை முடிந்தது.

திரும்பச் செய்த வேலைக்கு நாங்கள் காசு வாங்கவில்லை. ஐயா கேட்டார், நான் வேண்டாம் என்றேன், அளவைப் பிழையாகக் கேட்டது அவர் இல்லையே. பிறகு இரண்டு பெட்டிப் பனாட்டு வீட்டுக்கு வந்தது.

இப்போது எப்படிச் செய்கிறோம்

அடிக் கணக்கில் யாராவது அளவு சொன்னால் சரி என்று கேட்டுக்கொண்டு, அடுத்ததாக எத்தனை பெட்டி, பெட்டிக்குள் எத்தனை பிக்சல் என்று கேட்கிறேன். தகட்டில் இருக்கும் உச்ச வாற்றையும் கடைக்குத் தரும் பிரேக்கரையும் படம் எடுத்து அனுப்பச் சொல்கிறேன். கொட்டகை எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதைத் தொலைபேசியில் கேட்பதில்லை, பின்னேரம் நான்கு மணிக்கு நேரே போய் நின்று பார்க்கிறேன். வெள்ளைப் பின்னணி வேண்டும் என்கிற வாடிக்கையாளர்கள் இன்னும் வருகிறார்கள். அவர்களோடு வாதாடுவதில்லை, இரண்டு மாதிரியும் செய்து சுவரில் போட்டுக் காட்டுகிறேன். அன்று ஐயாவிடம் அப்படிச் செய்யாமல் தலையாட்டியது என் தவறு.

இன்னொன்று, வேலை தொடங்கும் முன்பே வாடகைக்காரருக்கு ஒரு படம் அனுப்புகிறோம்: கறுப்பில் ஒரு வெள்ளை வட்டம், நான்கு மூலையிலும் ஒவ்வொரு சதுரம், நடுவில் 60, 40, 20 பிக்சலில் ‘பனங்கட்டி’ என்று மூன்று தரம். அடுத்த தடவை வேறெங்காவது திருவிழாவுக்குச் சுவர் எழுப்பும்போது அதைப் போட்டுப் படம் எடுத்து அனுப்புவார்கள். போன தையில் அதே தம்பிக்குத் தொலைபேசி எடுத்தேன், நான் வாய் திறக்க முன்னரே சொன்னார்: “விளங்குது அண்ணை, வட்டம்தானே, இரவைக்குப் போட்டு அனுப்பிறன். இந்த முறை பன்னிரண்டுக்கு ஐந்து பெட்டி.”